யாரும் கேட்காத லேப்டாப்

மூன்றாவது லேப்டாப் வாங்கக் கிளம்பியபோது தோரிகாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. அதைப் பார்க்கிற யாருக்கும், அடடா, இது நமக்கு வேண்டுமே என்று தோன்றக் கூடாது.

ஏன் இப்படி என்று தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் லேப்டாப்பை அண்ணன் மகன் எதிகா கேட்டான். நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போகிறவனுக்கு லேப்டாப் எதற்கு என்று நீங்களும் நானும் கேட்கலாம், அத்தைக்காரி கேட்க முடியாது. "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?" என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அவன் உள்ளே வந்தபோதே விஷயம் முடிந்துவிட்டது. இதற்குக் கெரெகெரே என்று பெயர். சொந்தக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லக் கூடாதென்று சட்டம் எதுவும் கிடையாது. சொன்னவர் யாரையும் நான்தான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது லேப்டாப்பைத் தேவாலயத்துப் பெண்கள் சங்கத் தலைவி கேட்டாள். உறவில் சித்தி. நிதி திரட்டுகிற நாளில் படம் போட்டுக் காட்ட வேண்டுமாம். படம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். லேப்டாப் இப்போது எந்தத் தீவில் இருக்கிறது என்று சங்கத்துக்கே தெரியாது.

இரண்டு தடவையும் தோரிகா புள்ளியியல் பாடத்தில் தவறினாள். பாடம் வராமல் இல்லை. கடைசியில் கொடுக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரை லேப்டாப்போடு போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் விதி ஒன்று உண்டு: ஒரே பாடத்தில் மூன்று தடவை தவறினால் வெளியே போக வேண்டியதுதான். ஏற்கனவே தேறிய பதினோரு பாடங்களும் அதோடு போச்சு.

தோரிகாவுக்கு நாற்பத்தைந்து வயது. சுவாவை ஒட்டிய லாமியில், மீன்வள அலுவலகத்தில் மீன் அளப்பவள். படகுகள் கரைக்கு வந்ததும் அளவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். மீனைப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து எழுதுவாள். இருபத்தொரு வருஷமாக இதுதான் வேலை. இந்த இருபத்தொரு வருஷத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஐந்து பேர் புதிதாக வேலைக்கு வந்தார்கள். மீனை எந்தப் பக்கம் கிடத்துவது என்பதை ஐந்து பேருக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஐந்து பேரும் அவளுக்கு மேலதிகாரி ஆனார்கள். ஐந்தாவது பையன் அவளைப் பார்த்து, "அக்கா, நீங்களும் ஒரு டிகிரி வாங்கிடுங்களேன்" என்று ரொம்ப அன்பாகச் சொன்னான். அன்றைக்குத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம். தனி வீடு. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பெண்ணைத் தேடி எத்தனை சொந்தக்காரர்கள் வருவார்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடை போயிற்று, இஸ்திரிப் பெட்டி போயிற்று, ஒரு தடவை வாசல் கதவே போயிற்று. அப்போதெல்லாம் அவள் முகம் கோணவில்லை. வெளியே போவது பொருளாக இருந்தவரை அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. படிப்பும் கூடவே போகும் என்று இரண்டு தடவை பட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, மூன்றாவது லேப்டாப்.

கடைப் பையன் பெயர் ஷவ்நீல். இருபத்து மூன்று வயது, வாய் ஓயாது. அவளைக் கண்டதும் மெல்லிசாக, வெள்ளிக் கலரில் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க ஆன்ட்டி, ஒரு கிலோ கூட கிடையாது. ஒருதரம் சார்ஜ் போட்டா பதினஞ்சு மணி நேரம். படம் பாத்தீங்கன்னா தியேட்டர் தோத்துடும்."

"நல்லாயிருக்கு. உள்ள வை."

"கலர் பிடிக்கலையா? ரோஸ் இருக்கு."

"தம்பி, உன் கடைல யாருமே வாங்காம கிடக்கற லேப்டாப் எது?"

ஷவ்நீல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க நுகர்வோர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்களா?"

"மீன் ஆபீஸ். எனக்கு உள்ளுக்குள்ள நல்லா வேலை செய்யணும். இருபத்தோரு வருஷத்து மீனு நீளம் மொத்தமும் அதுல ஏறணும், ஏத்தினா மூச்சு வாங்கக் கூடாது. ஆனா வெளியில பாத்தா பிச்சைக்காரன்கூட வேணாம்னு சொல்லணும்."

இந்த ஊரில் பிறந்த பையன் என்பதால் அவனுக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. "சொந்தக்காரங்களா?" என்றான். தோரிகா தலையாட்டினாள். "எங்க பெரியப்பாவும் அப்படித்தான் ஆன்ட்டி, ஆனா அவரு கேக்க மாட்டாரு, எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசையில் வைத்தபோது மேசை அதிர்ந்தது. காப்பீட்டு அலுவலகம் ஒன்று கழித்துப் போட்ட மெஷின். தடிமன் நாலு விரல். மூடியில் அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர், 'உங்கள் இறுதிச் சடங்குக்கு இன்றே திட்டமிடுங்கள்' என்ற வாசகத்தோடு. சுரண்டினாலும் போகாது, சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைச் சொருகினால்தான் உயிர். கேமரா இல்லை. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரும், அதுவும் ஜலதோஷம் பிடித்த மாதிரி.

"உள்ள பாத்தீங்கன்னா இந்தக் கடையிலயே இதுதான் ராஜா" என்றான் ஷவ்நீல். "கணக்குப் பாக்கறவங்க வச்சிருந்தது. பாவம், மூஞ்சி சரியில்ல."

தோரிகாவுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் மனசு நிறைந்துவிட்டது. "அந்த ஸ்பீக்கரையும் கழட்டிடு" என்றாள்.

கழற்றினான். விளையாட்டுகளை எல்லாம் அழித்தான். படம் ஓட்டுகிறதை அழித்தான். எழுதுவதற்கு ஒரு சாஃப்ட்வேர், புள்ளியியலுக்குப் பல்கலைக்கழகம் சொன்ன சாஃப்ட்வேர், இவை இரண்டு மட்டும் போதும் என்றாள். புள்ளியியல் சாஃப்ட்வேருக்கு மாணவர்களுக்கென்று ஒரு சாவி எண் கொடுப்பார்கள். அது ஒரு தடவைதான் செல்லும், ஒரு மெஷினில்தான் செல்லும். எண்ணை உள்ளே போட்டு, சாஃப்ட்வேர் திறக்கிறது என்று காட்டினான்.

"கடைசியா, வைஃபை இருக்குல்ல, அதையும் பிடுங்கு."

"ஆன்ட்டி! இன்டர்நெட் இல்லாம எப்படி?"

"இன்டர்நெட் வந்தா ஆளுங்க வருவாங்க. சிட்னில இருக்கற மகளோட முகத்தப் பாக்கணும்னு ஒருத்தி வருவா. ரக்பி பாக்கணும்னு நாலு பேரு வருவானுங்க. பிடுங்குடா."

பிடுங்கினான். பென் டிரைவ் ஒன்றாவது வாங்கிக்கொள்ளுங்கள், எதற்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்றான். அவள் சிரித்தாள். சுவாவில் பென் டிரைவ் ஒருவர் கையில் மூன்று நாள் தங்கினால் அதிகம்.

எட்டு மாதம் அவள் திட்டம் பிசகில்லாமல் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் மேசை மேலிருந்த அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள். ஸ்டிக்கரைப் படித்தார்கள். சிலர் எழுந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தோரிகா சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு, ஒயரைச் சொருகி உட்கார்ந்துவிடுவாள். தாளில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஏறின. விளைமீன் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். எல்லாம் ஏறி முடிந்து, முதல் படம் திரையில் வரைந்து வந்தபோது, இருபத்தொரு வருஷமாகத் தான் குனிந்து நின்றது ஒரே கோடாகப் போவதைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிழங்கு கருகியது.

அப்போதுதான் எதிகா நியூசிலாந்திலிருந்து வந்தான். பழைய லேப்டாப் என்ன ஆயிற்று என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேசையைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி நின்றான்.

"அத்தை, இதுல என்ன இருக்கு?"

"மீனு."

"ஆடுமா? கேமா?"

"ஆடாது. நீளம் போட்டிருக்கு."

எதிகாவின் கண் கலங்கிவிட்டது. நல்ல லேப்டாப்பை நாம் கொண்டுபோய்விட்டோம், அத்தை இந்தப் பிண வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. பையன் மனசு தங்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி பிடித்தான். குடும்பக் குழுவில் போட்டான்.

குழுவில் நூற்றுப் பதினாலு பேர். சிட்னி, ஆக்லாந்து, பிரிட்டிஷ் பட்டாளத்தில் நாலு பேர். ஒரு வாரத்தில் வசூலாகிவிட்டது. தோரிகாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது, அந்தக் குழுவில் அவள் சேர்ந்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், முப்பது பேர் பாயும் கையுமாக அவள் வீட்டுக்கு வந்தார்கள். குழி அடுப்பில் வெந்த பன்றி, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் கீரை. பாயை விரித்தார்கள். பெரியவர் ஒருவர் சடங்குக்கென்று வைத்திருக்கும் திமிங்கலப் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பெண், எங்களுக்கெல்லாம் கொடுத்தவள், இன்றைக்கு எப்படிப்பட்ட ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் தட்டு காலியாக இருந்தது. பிறகு பூப்போட்ட துணியை விலக்கினார்கள். ரோஸ் கலர். மெல்லிசு. ஷவ்நீல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினானே, அதற்கு அக்கா.

தோரிகா வழக்கப்படி கையைக் குவித்துத் தட்டி வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும்? கட்டுரை கொடுக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. சரி, இது ஒரு பக்கம் கிடக்கட்டும், பிள்ளைகள் படம் பார்க்கட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது பெனாயா தொண்டையைக் கனைத்தான்.

பெனாயா அவளுடைய அத்தை மகன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, ரேவா ஆற்றின் மேல்பக்கம் உள்ள தங்கள் ஊருக்குப் போய், அங்கே ஊர்த் தலைவன் ஆகியிருந்தான். பெரிய உடம்பு. மச்சினியைச் சீண்டுவது என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

"என்ன புரொபசரம்மா, ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ரெண்டு லேப்டாப்ப வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? அந்தக் கெழவியத்தான் யாரும் சீண்ட மாட்டாங்க. எனக்குத் தண்ணிக் குழா விஷயமா கவுர்மென்டுக்கு லெட்டர் எழுதணும். கையெழுத்துல எழுதினா மதிக்க மாட்டேங்கறான். மச்சினி, அத நான் கேக்கறேன்."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோரிகா அந்த மெஷினைப் பார்த்தாள். அதற்குள் நாற்பதாயிரம் விளைமீன், பாதி எழுதிய கட்டுரை, ஒரு தடவை மட்டுமே செல்கிற சாவி. ஒரு நிமிஷம் பொறு, நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்கூடப் போதும். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"எடுத்துட்டுப் போ மச்சான்" என்றாள்.

அவன் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று மணி வண்டியில் போய்விட்டான்.

மறுநாள் ஷவ்நீலிடம் ரோஸ் லேப்டாப்பைக் கொண்டுபோனாள். "இது வேற சிஸ்டம் ஆன்ட்டி, அந்த சாஃப்ட்வேர் இதுல ஏறவே ஏறாது. ஏறினாலும் சாவி தீந்துபோச்சு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மெஷினையா கேட்டாங்க? ஸ்டிக்கரோடயா?" என்றான். அவனுக்குத் தொழில் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில் கூடுதல் நாள் கேட்க ஒரு படிவம் உண்டு. கவுன்டரில் இருந்த பெண் லாவ் தீவுக்காரி, நல்ல பெண். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்: நோய், மரணம், புயல், வெள்ளம், தீ, திருட்டு. தோரிகா பேனாவைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தாள்.

"என்னக்கா ஆச்சு உங்க லேப்டாப்புக்கு?"

"மச்சான் கேட்டான்."

"ஓ" என்றாள் அந்தப் பெண். பிறகு அந்தப் பெண் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "திருட்டுன்னு டிக் பண்ணிடுங்கக்கா. யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள்.

"என் மச்சானத் திருடன்னு எழுதச் சொல்றியா?"

"சே, சே. அப்ப வெள்ளம்?"

"மழையே பெய்யலையே."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வாரம் சும்மா இருந்தாள். இன்னொரு வாரமும் போயிற்று. அலுவலகத்தில் ஒரு மீனை இரண்டு தடவை அளந்தாள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கெடு என்று இருக்கும்போது, சனிக்கிழமை காலை, இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர் ஒரு கட்டையும் ரோஸ் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், அப்புறம் படகில் அரை மணி. வழி நெடுக ஒரே யோசனைதான். கேட்பது இல்லை, மாற்றிக்கொள்வது. மாற்றிக்கொள்வது என்றால் கேட்பது ஆகாது. அவனுக்கும் லாபம்தானே.

பெனாயாவின் வீட்டில் அந்த மெஷின் நடுக்கூடத்தில் தனி மேசையில் இருந்தது. மேலே பின்னல் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. அவன் மனைவி லூசியானா தினம் துடைக்கிறாளாம். கவா வேரை முன்னால் வைத்து, வரவேற்பு முடிந்து, முதல் கிண்ணம் குடித்த பிறகு தோரிகா பையைத் திறந்தாள்.

"மச்சான், இது புதுசு. கடிதம் எழுத இதான் லேசு. இத நீ வச்சுக்கோ. அத எடுத்துக்கறேன்."

பெனாயா ரோஸ் லேப்டாப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மாத்திக்கவா வந்தே? இது என்ன கடையா?"

"இல்ல மச்சான், என் பரீட்சை அதுக்குள்ள..."

"தெரியும். பெரிசா மீனு கணக்கு ஒண்ணு இருந்துது, நான் கையே வைக்கல. நீ என்னைக்கு வந்து கேப்பேன்னு பதிமூணு நாளா உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா பேரம் பேசற."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நீ!"

"நீ சொல்லியிருக்கலாமே!" அவன் குரல் உயர்ந்தது. லூசியானா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எட்டு வருஷம் எங்க வீட்டுல இருந்தே. மாமா கடலோட போனப்புறம் பதினோரு வயசுல வந்தே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னொரு துண்டு கெழங்கு போடுங்கன்னு கேட்டதுண்டா? தட்டக் காலி பண்ணிட்டு கையக் கழுவிட்டுப் போயிடுவ. பசியா இருக்கும், மூஞ்சியப் பாத்தாத் தெரியும். கேக்க மாட்ட. எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்பகூட அதத்தான் சொன்னா. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலடா, என்னை அத்தையாவே நெனைக்கலடான்னு சொல்லி அழுதா."

தோரிகாவுக்கு இது தெரியாது. அந்த வீட்டில் சோறு எண்ணித்தான் வெந்தது, தான் ஒருத்தி அதிகம் என்று அவளுக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்காமல் இருந்தாள். முதல் சம்பளம் வந்த நாளிலிருந்து, இனி கேட்கிறவளாக இல்லை, கொடுக்கிறவளாகத்தான் இருப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்திருந்தாள். அத்தை அழுதிருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பெனாயா விட்டுக் கொடுக்கிறவன் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேக்கறேன்" என்றாள் தோரிகா, பாயைப் பார்த்துக்கொண்டு.

"காதுல விழல."

"மச்சான், எனக்கு அது வேணும். கேக்கறேன்."

பெனாயா எழுந்தான். பூவை எடுத்து ஓரமாக வைத்தான், பின்னல் துணியை மடித்தான், மெஷினைக் கொண்டுவந்து அவள் மடியில் இறக்கினான். கனம் தாங்காமல் அவளுக்கு முட்டி வலித்தது. "எடுத்துக்கோ" என்று சொன்னான். சொல்லிவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

சனிக்கிழமை இருட்டும் வரை அவள் வேலை பார்த்தாள். கேட்காமலே லூசியானா தட்டில் கிழங்கு போட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ் லேப்டாப்பை அன்று சாயங்காலமே லூசியானாவின் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோரிகா ஒயரைச் சொருகப் போனாள். பெனாயா மூடியைச் சாத்தினான்.

"இன்னிக்கு ஊருக்குள்ள வேலை கெடையாது. வலை போடக் கூடாது, தோட்டத்துக்குப் போகக் கூடாது. நாந்தான் தலைவன். மீனுக்கும் லீவு."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கெடு மச்சான்!"

"சாமிகிட்டயும் கேளு. இப்பத்தான் கேக்கப் பழகியிருக்கியே."

தேவாலயத்தில் மூன்று ஆராதனைக்கும் போனாள். கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்து, பதினோரு மணிக்குக் கடைசி வரியை எழுதி முடித்தாள். ஊரில் செல்போன் கோபுரம் எட்டுகிற இடம் ஒன்றுதான், தேவாலயப் படிக்கட்டின் மேல்படி. உள்ளிருந்து நீளமான ஒயர் இழுத்து மெஷினை அங்கே வைத்தார்கள். பெனாயாவின் செல்போனைக் கேபிளில் மாட்டி இணையம் எடுத்தார்கள். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் வெட்டுக்கத்தியோடு நின்றுவிட்டார்கள். பெண்கள் துவைக்கிற துணியோடு வந்து உட்கார்ந்தார்கள். திரையில் பச்சைக் கோடு ஒரு நகம் அளவு நகர்ந்து நின்றது.

"அப்படி என்னதான் எழுதியிருக்க அதுல?" என்றான் பெனாயா.

"இருபத்தோரு வருஷமா விளைமீன் சின்னதாயிட்டே வருதுன்னு."

"இதுக்கா மூணு லேப்டாப்பு? என்னைக் கேட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே சொல்லியிருப்பேனே."

கோடு பாதிக்கு வந்தது. பதினொன்று நாற்பது. யாரோ ஒரு பெண் தன் செல்போனை அணைத்தாள், அதனால் இதற்கு வேகம் கூடும் என்று. மற்றவர்களும் அணைத்தார்கள். உண்மையிலேயே வேகம் கூடியது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கோடு முடிந்து, கட்டுரை கிடைத்தது என்று ஒரு வரி வந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு மச்சான்."

பெனாயா உள்ளங்கைகளைக் குவித்து, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை தட்டினான். படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள். தோரிகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அழுது முடித்து, ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, மெஷினை அவன் பக்கம் நகர்த்தினாள். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

"இந்தா. உன் குழா லெட்டர் பாக்கி இருக்கே."

பெனாயா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "இன்னும் எத்தனை பாடம் பாக்கி உனக்கு?"

"நாலு."

"அப்ப நாலு தடவ வந்து கேளு."

"பஸ்ஸு தூரம் மச்சான். சேத்து ரெண்டு தடவையா வந்து கேட்டுடறேனே."

"நாலு தடவ" என்றான் பெனாயா.